காட்டிக்கொடுத்தலும் தெரியப்படுத்துதலும்

1

1977 அக்டோபர். சோமாலியாவின் தென்பகுதியில் மெர்கா என்ற கடற்கரை நகரம். அங்கிருந்த மருத்துவமனையில் அலி மாவ் மாலின் என்ற 23 வயது இளைஞர் சமையல்காரராக வேலை பார்த்தார். ஒருநாள், பெரியம்மை கண்ட இரண்டு நாடோடிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. ஓட்டுநருக்கு அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழி தெரியவில்லை. மாலின் வண்டியில் ஏறி வழி காட்டினார். சில நிமிடப் பயணம், அவ்வளவுதான்.

சில நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்று மருந்து கொடுத்தார்கள். உடம்பில் கொப்புளங்கள் வந்ததும் சின்னம்மை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலினுக்கு மட்டும் உள்ளூரச் சந்தேகம். பெரியம்மை ஒழிப்புத் திட்டத்திலேயே கொஞ்ச நாள் தடுப்பூசி போடும் வேலை செய்தவர் அவர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் முகாமில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்ற பயம். கடைசியில், அதே மருத்துவமனையில் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். தகவல் கொடுப்பவருக்கென்று அறிவித்திருந்த பரிசுப் பணமும் அவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு நடந்தது பெரிய வேட்டை. மாலினோடு தொடர்பில் இருந்த 161 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 54,777 பேருக்குத் தடுப்பூசி போட்டார்கள். வேறு யாருக்கும் நோய் வரவில்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் உலகக் கடைசி நோயாளி மாலின்தான்.

பொதுச் சுகாதாரம் பற்றிய புத்தகங்கள் இதை வெற்றிக் கதையாகச் சொல்கின்றன. வெற்றிதான், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, மாலின் விவரம் தெரியாதவர் கிடையாது. நோயின் ஆபத்து, அதைத் தடுக்கும் வழி, எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பது வரை எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஆகவே ‘மக்களுக்கு விழிப்புணர்வு பத்தலை’ என்ற வழக்கமான பல்லவி இங்கே எடுபடாது. இரண்டு, அந்தச் செவிலியர் செய்த காரியத்துக்கு என்ன பெயர்? கூட வேலை பார்த்தவரைக் காட்டிக்கொடுத்தாரா, ஊருக்குத் தெரியப்படுத்தினாரா?

தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. காட்டிக்கொடுப்பவனுக்கு நம் ஊரில் மன்னிப்பே கிடையாது. எட்டப்பன் பெயர் 200 ஆண்டுகள் கழிந்தும் வசைச்சொல்தான். தெரியப்படுத்துவது என்பதோ மனுக்களிலும் சுற்றறிக்கைகளிலும் வரும் சாதுவான சொல். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செயல். ஒருவர் மறைத்து வைத்திருப்பதை, அவருடைய சம்மதம் இல்லாமல், அதிகாரம் உள்ளவரிடம் இன்னொருவர் போய்ச் சொல்கிறார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? சொன்னவரின் மனசைத் தோண்டிப் பார்த்தால் கிடைக்குமா? பரிசுக்காகச் சொன்னார் என்றால் துரோகம், ஊருக்காகச் சொன்னார் என்றால் சேவை என்று பிரித்துவிடலாமா?

முடியாது என்று நினைக்கிறேன். சொன்னதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசத்தின் பெரும்பகுதி இருக்கிறது. சொன்னதும் மருத்துவர் வந்து, அரிசி வந்து, போன கூலிக்கு ஈடும் வந்தால் அது தெரியப்படுத்துதல். சொன்னதும் போலீஸ் வந்து, வேலை போய், தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது காட்டிக்கொடுத்தல். அதாவது, ஒரு சாதாரண மனிதர் சொல்லும் ஒரு சொல்லின் தர்மத்தை, அதைக் கேட்டுக்கொள்ளும் அரசும் ஊரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நோய்க் கண்காணிப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

2

‘கண்காணிப்பு’ என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. அதில் கண் இருக்கிறது, மேலே நின்று பார்க்கிற ஒருவரும் இருக்கிறார். இலங்கை, மலாயாத் தோட்டங்களின் கங்காணி இந்தச் சொல்லிலிருந்து வந்தவர்தான். கூலி ஆட்களைப் பிடித்து வந்து, வேலை வாங்கி, கணக்குப் பார்த்து நின்றவர். இந்த ஞாபகம் நம் மொழிக்குள் இருக்கிறது. ஆனால் சமூக அளவிலான நோய்க் கண்காணிப்பு கண்ணால் நடப்பது மிகக் குறைவு. அது காதால் நடக்கிறது.

இந்தியாவில் 2004-இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. வாராவாரம் மூன்று வகைப் படிவங்கள் மேலே போகும். சுகாதாரப் பணியாளர் அறிகுறிகளை மட்டும் வைத்து நிரப்புவது ஒன்று: காய்ச்சல் இத்தனை, வயிற்றுப்போக்கு இத்தனை, மஞ்சள் காமாலை இத்தனை. மருத்துவர் தன் ஊகத்தை வைத்து நிரப்புவது இன்னொன்று. ஆய்வகம் உறுதி செய்து அனுப்புவது மூன்றாவது. இப்போது எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. தில்லியில் ஒரு திரையில் மாவட்ட வாரியாக வரைபடம் விரியும். ஆனால் அந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில், “ரெண்டு நாளா புள்ளைக்கு வயிறு சரியில்லக்கா” என்று கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு அம்மா சொன்ன வார்த்தை இருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் நோயே இல்லை என்றுதான் திரை காட்டும்.

நான் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன். எங்கள் பிழைப்பில் பாதி கண்காணிப்புதான். சர்வரின் மெமரி எவ்வளவு, டிஸ்க்கில் இடம் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை எரர் என்று டாஷ்போர்டில் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். கோடு எல்லை தாண்டினால் அன்றைக்கு ஆன்-காலில் இருப்பவரின் போன் அலறும், இரவு 2 மணியானாலும். என் துறை நண்பர்களிடம் நோய்க் கண்காணிப்பு பற்றிப் பேசினால் “ஓ, நம்ம மானிட்டரிங் மாதிரியா?” என்பார்கள். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சர்வர் தன் காய்ச்சலை மறைக்காது. சர்வருக்குப் பக்கத்து வீடு கிடையாது, தினக்கூலி கிடையாது, கல்யாணம் ஆகவேண்டிய தங்கச்சி கிடையாது.

எங்கள் துறையில் மறைப்பவர்கள் மனிதர்கள்தான். ஒரு தவறான கமாண்டால் ப்ரொடக்‌ஷன் படுத்துவிட்டால், “அதைப் போட்டது நான்தான்” என்று ஒருவர் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்வதற்கும் ஐந்து மணி நேரம் கழித்துத் தெரிய வருவதற்கும் கோடிக்கணக்கில் வித்தியாசம் வரும். சொன்ன ஆளை வேலையை விட்டு அனுப்பினால் அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதைப் பல நிறுவனங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. அதனால் வந்ததுதான் யாரையும் குற்றம் சாட்டாமல் நடத்தும் போஸ்ட்மார்ட்டம் என்ற வழக்கம். யார் செய்தது என்று கேட்காமல், எது இதைச் செய்ய விட்டது என்று கேட்பார்கள். இதைக் கருணை என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. தகவல் ஓட வேண்டும் என்றால் ஓடுகிற பாதையில் முள் போடாதே என்ற கணக்கு, அவ்வளவுதான்.

3

பெரியம்மை ஒழிப்பில் இந்தியா இதே கணக்கைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1973 வரை, தன் பகுதியில் பெரியம்மை இருக்கிறது என்று எழுதும் அலுவலருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வசவுதான். “தடுப்பூசி போட்டாச்சுன்னு எழுதியிருந்தியே, அப்புறம் எப்படி வந்துச்சு?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதைவிடப் பூஜ்யம் எழுதுவது சுலபம். எந்த அலுவலகத்திலும் மிகப் பாதுகாப்பான எண் பூஜ்யம்தான். அதை எழுதுகிறவரை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

1973 இலையுதிர் காலத்தில் உத்தரப்பிரதேசம், பிஹார் போன்ற மாநிலங்களில் வீடு வீடாகத் தேடல் தொடங்கியது. பெரியம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “இப்படி யாருக்காவது இருக்கா?” என்று கேட்டுப் போனார்கள். வீடுகளில் மட்டும் இல்லை, வாரச் சந்தைகளில், டீக்கடைகளில், பள்ளிக்கூடங்களில். குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகத் தகவல் சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வதந்திப் பதிவேடு என்று ஒன்று வைத்தார்கள். காதில் விழும் ஒவ்வொரு ‘அங்க யாருக்கோ அம்மையாம்’ என்ற பேச்சையும் அதில் எழுதி, ஆள் அனுப்பி, சரிபார்த்து, முடிவையும் எதிரே எழுதினார்கள். பெரும்பாலானவை சின்னம்மையாகவோ சிரங்காகவோ முடிந்தன. பரவாயில்லை. தப்பாகச் சொன்னவரை யாரும் பழிக்கவில்லை. வதந்தியை மரியாதையோடு எழுதி வைத்த ஓர் அரசுப் பதிவேடு! எனக்குத் தெரிந்து, சாதாரண ஜனங்களின் பேச்சை அரசு இவ்வளவு காது கொடுத்துக் கேட்ட தருணங்கள் மிகக் குறைவு.

முதல் தேடலிலேயே, பதிவேடுகளில் இருந்ததைவிடப் பல மடங்கு நோயாளிகள் வெளியே வந்தார்கள். 1974-இல் இந்தியாவில் பதிவான பெரியம்மை நோயாளிகள் சுமார் 1,88,000 பேர். முந்தைய ஆண்டின் எண்ணிக்கையைவிட இது மிக அதிகம். நோயும் அந்த ஆண்டு உக்கிரமாகத்தான் இருந்தது, ஆனால் உயர்வில் ஒரு பங்கு காது திறந்ததால் வந்தது. இந்த இடத்தில் ஓர் அரசு பயந்து பின்வாங்கியிருக்கலாம். எண்ணிக்கை கூடியதற்காகத் தேடியவர்களைத் தண்டித்திருக்கலாம். பெரிய அளவில் அது நடக்கவில்லை. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே இயக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நள்ளிரவில் கதவை உடைத்து, ஆட்களைப் பிடித்து அழுத்தித் தடுப்பூசி போட்டதும் நடந்தது. அதில் பங்கெடுத்த வெளிநாட்டு மருத்துவர்களே இதை எழுதியிருக்கிறார்கள். ஒரே இயக்கம், ஒரே நோக்கம். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டபோது சொன்னவர்கள் ‘தெரியப்படுத்தியவர்கள்’. கதவு உடைந்த வீட்டைக் கைகாட்டியவர் அந்த ஊரில் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு நடந்திருப்பார்?

1975 அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹிமா பானு என்ற சின்னக் குழந்தைக்கு அம்மை கண்டது. தகவல் சொன்னது 8 வயதுச் சிறுமி. பரிசு 250 டாக்கா. கொடிய வகைப் பெரியம்மையின் கடைசி நோயாளி ரஹிமா. அவருடைய படம் உலகம் முழுக்கப் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்துச் செய்தியாளர்கள் தேடிப் போனபோது, தழும்புகளால் பட்ட அவமானத்தையும் தீராத வறுமையையும் பற்றித்தான் அவர் பேசினார். சொன்னவருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்த திட்டம், யாரைப் பற்றிச் சொன்னார்களோ அவருடைய மீதி வாழ்க்கையைப் பற்றி யோசிக்கவில்லை.

4

நம் ஊரிலும் ஒரு பழைய கண்காணிப்பு முறை இருந்தது. யாரும் அதை அந்தப் பெயரில் அழைத்ததில்லை. வாசலில் வேப்பிலை.

அம்மை கண்ட வீட்டில் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். ‘ஆத்தா வந்திருக்கா’, ‘முத்து போட்டிருக்கு’ என்பார்கள். நிலைப்படியில் வேப்பிலை செருகியதும் தெருவுக்கே சேதி போய்விடும். வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டில் தாளிப்புச் சத்தம் கேட்காது. வேண்டியதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை இது நடக்கும். தொற்றுநோயியல் பாஷையில் சொன்னால், அறிவிப்பு, தனிமைப்படுத்தல், கால வரையறை, உதவி எல்லாம் அந்த ஒரு கொத்து இலையில் இருந்தன.

இதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமில்லை. ஆத்தாள் கோபிப்பாள் என்று தடுப்பூசியை மறுத்ததும், மருந்தில்லாமல் குழந்தைகள் செத்ததும் அதே வேப்பிலைக்குப் பின்னால்தான். ஆனால் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அந்த இலையை வீட்டுக்காரர்களே செருகினார்கள். அது அவமானத்தின் அடையாளம் இல்லை, வீட்டுக்குத் தெய்வம் வந்திருப்பதன் அடையாளம். நோய் வந்ததை வெளியே சொல்வதால் அந்தக் குடும்பத்தின் மரியாதை குறையவில்லை. ஆகவே மறைக்க வேண்டிய தேவையும் குறைவாக இருந்தது.

2020-க்கு வருவோம். வாசலில் ஸ்டிக்கர். தொற்று கண்ட வீடு, உள்ளே நுழையாதே என்று எழுதிய தாள். சில தெருக்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். வேப்பிலை சொன்ன அதே சேதியைத்தான் இதுவும் சொன்னது. ஆனால் இதை ஒட்டியது வெளியிலிருந்து வந்த ஒரு கை. தெருவில் போகிறவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, உரிய அதிகாரம் உள்ளவர் சட்டப்படி ஆணையிட்டால் ஒழிய வீடுகளில் இப்படி ஒட்டக்கூடாது என்றது. ஒட்டப்பட்ட வீட்டுக்காரர்கள் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுவது அங்கே விசாரணையில் பேசப்பட்டது. தீண்டாமை என்றால் என்ன என்று அனுபவத்தில் தெரிந்த ஒரு நாட்டில் அந்த ஒப்புமைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அன்றிரவு தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனை வீடுகளில் யாரோ ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டிருப்பார்? அதைப் பார்த்தவர்களுக்கு எந்த விழிப்புணர்வுப் பிரசுரமும் தேவைப்பட்டிருக்காது. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள்.

5

1989-இல் கோவாவில் நடந்தது இன்னும் துல்லியமான பாடம். டொமினிக் டிசோசா அடிக்கடி ரத்ததானம் செய்யும் இளைஞர். அப்படிக் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி இருப்பது தெரிய வந்தது. அவரிடம் மருத்துவர் உட்காரவைத்துப் பேசவில்லை. போலீஸ் வந்தது. கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, காசநோயாளிகளுக்காக முன்பு கட்டப்பட்ட ஒரு கட்டடத்தில் 64 நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய அம்மா நீதிமன்றம் போனார். டொமினிக் வெளியே வந்தார், ஆனால் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. தொற்றோடு வாழ்பவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டு 1992-இல் இறந்துபோனார்.

தன் ரத்தத்தை ஊருக்குக் கொடுக்கப் போன மனிதர் மாட்டிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். இந்தச் செய்தி அன்றைக்குச் சமூகத்துக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கும்? ரத்தம் கொடுக்காதே. பரிசோதனைக்குப் போகாதே. தெரிந்துகொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு. அவரை அடைத்து வைத்ததால் ஒரு தொற்று கூடத் தடுக்கப்பட்டிருக்காது, ஏனென்றால் எச்.ஐ.வி பக்கத்தில் உட்கார்ந்தால் பரவும் நோய் இல்லை. ஆனால் அதே செய்தியால் எத்தனை பேர் ஆய்வகத்தின் வாசலிலிருந்து திரும்பிப் போனார்கள் என்பதை எந்தப் படிவமும் சொல்லாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று சட்டம் வர இந்தியாவில் 2017 ஆயிற்று.

தனி மனிதருக்கு நடப்பது நாட்டுக்கும் நடக்கும். 2021 நவம்பர் கடைசியில், தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புதிய கொரோனா திரிபு ஒன்றைக் கண்டுபிடித்து உடனே உலகுக்குச் சொன்னார்கள். அதுதான் ஒமிக்ரான். ஓரிரு நாட்களுக்குள் பணக்கார நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கான விமானங்களை நிறுத்தின. வேகமாகக் கண்டுபிடித்ததற்குத் தண்டனையா என்று அந்த நாட்டு அரசு வெளிப்படையாகவே கேட்டது. அந்த அறிவிப்புக்கு முன்பே எடுத்த மாதிரிகளில் அதே திரிபு நெதர்லாந்தில் இருந்தது பின்னால் தெரிய வந்தது. ஐரோப்பாவில் இருந்தும் அங்கே யாரும் சொல்லவில்லை. சொன்னவனுக்குத்தான் கதவு சாத்தப்பட்டது.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. கோழிகள் விஷயத்தில் அரசுகளுக்கு இந்தப் பாடம் எப்போதோ புரிந்துவிட்டது. பறவைக் காய்ச்சல் வந்தால் சுற்றுவட்டாரக் கோழிகளையெல்லாம் கொல்லவேண்டும். அப்படிக் கொன்றால் ஒவ்வொரு கோழிக்கும் இவ்வளவு என்று பண்ணைக்காரருக்கு இழப்பீடு உண்டு. இல்லாவிட்டால் அவர் செத்த கோழியை ராவோடு ராவாகப் புதைத்துவிட்டு மீதியைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அவரை யாரும் ஒழுக்கம் கெட்டவர் என்று திட்டிக்கொண்டிருப்பதில்லை. இழப்பைக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். காய்ச்சலோடு வேலைக்குப் போகிற சித்தாளிடம் மட்டும் நாம் ஒழுக்கம் பேசுகிறோம்.

6

இந்த இடத்தில் நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று வரும். ‘எல்லாம் சரி, மறைத்தவனுக்குப் பொறுப்பே இல்லையா? அவனால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை செத்தால்?’

இதற்குக் கடினமான உதாரணம் மேரி மல்லன். அயர்லாந்திலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்த சமையல்காரப் பெண். அவர் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது, அறிகுறி எதுவும் இல்லை. அவர் சமைத்த வீடுகளில் ஆட்கள் படுத்தார்கள். 1907-இல் பிடித்து ஒரு தீவில் வைத்தார்கள். இனிமேல் சமைப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் 1910-இல் விட்டார்கள். சலவை வேலைக்குப் போனார். அதில் கூலி குறைவு. 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் வேறு பெயரில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். அங்கே 25 பேருக்கு டைபாய்டு வந்து 2 பேர் இறந்திருந்தார்கள். மறுபடி தீவு. 1938-இல் சாகும்வரை அங்கேதான்.

மேரியை நான் விடுவிக்கவில்லை. பிரசவித்த பெண்கள் இருக்கும் இடத்தில், எச்சரிக்கப்பட்ட பிறகு, பொய்ப் பெயரில் சமைத்தது தவறுதான். பிறரைக் கொல்லக்கூடிய ஒன்றைத் தெரிந்தே மறைப்பதற்கு வறுமை முழு மன்னிப்பு ஆகாது. ஆனால் அவரைத் தவறு செய்தவர் என்று சொல்லி முடித்துவிட்டால், அடுத்த மேரி வரும்போது நம்மிடம் என்ன இருக்கும்? இன்னொரு தீவு. அவரைப் போலக் கிருமி தாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் அந்த நகரத்தில் இருந்தார்கள். அவர்களில் யாரையும் இப்படி ஆயுள் முழுக்க அடைத்து வைக்கவில்லை. 1910-இல் அவரிடமிருந்து உறுதிமொழி வாங்கிய நகரம், சமையலில் கிடைத்த அதே சம்பளத்துக்கு வேறு வேலை தேடிக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு அற்பம். அவரிடம் சத்தியம் வாங்கினார்கள், பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை.

மாலினின் கதை வேறு மாதிரி போனது. அவர் பயந்தபடி தனிமைப்படுத்தினார்கள், பார்த்துக்கொண்டார்கள், பிழைத்து வெளியே வந்தார். பல ஆண்டுகள் கழித்து சோமாலியாவில் போலியோ ஒழிப்பு வேலைக்குத் தானாகப் போனார். தடுப்பூசி வேண்டாம் என்ற பெற்றோரிடம், பெரியம்மையின் கடைசி நோயாளி நான்தான் என்று தன் கதையைச் சொல்வாராம். 2013-இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்தார். அந்தச் செவிலியர் சொன்னதை இன்று நாம் காட்டிக்கொடுத்தல் என்று அழைக்கத் தயங்குகிறோம் என்றால், அதற்குக் காரணம் செவிலியரின் உள்ளம் நமக்குத் தெரியும் என்பது இல்லை. சொல்லப்பட்டவர் அதற்குப் பிறகு மனிதராக வாழ முடிந்தது என்பதுதான்.

7

பொதுச் சுகாதார அறவியலில் கைம்மாறு என்றொரு கோட்பாடு பேசப்படுகிறது. ராஸ் அப்ஷர் என்ற கனடிய மருத்துவர் 2002-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பொதுநலனுக்காகத் தனிமனிதரைக் கட்டுப்படுத்துவதற்கு வேண்டிய நியாயங்களில் ஒன்றாக அதை வைத்தார். ஊருக்காக ஒருவர் சுமை தாங்கினால் ஊர் அந்தச் சுமையைப் பகிர வேண்டும். நல்ல கோட்பாடு. எனக்கு அதில் ஒரே ஒரு திருத்தம்தான் தோன்றுகிறது: வரிசை. கைம்மாறு என்றால் பொதுவாக முதலில் உதவி, பிறகு பதில். நோய் விஷயத்தில் பதில்தான் முதலில் வர வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பது, காய்ச்சல் வருவதற்கு முன்பே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தபின் கொடுக்கும் வாக்குறுதியை யாரும் நம்பப் போவதில்லை, நம்பவும் தேவையில்லை.

முன்தயாரிப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது ஆக்சிஜன் சிலிண்டர், ஆய்வகம், மாஸ்க் கிடங்கு. எல்லாம் வேண்டும். ஆனால் முதல் நோயாளி வாயைத் திறக்காவிட்டால் இவை எல்லாம் மூன்று வாரம் தாமதமாகத்தான் வேலைக்கு வரும். ஆகவே சம்பளத்தோடு உடம்பு சரியில்லா விடுப்பும் முன்தயாரிப்புதான். பெயரை வெளியே விடாத சுகாதார அலுவலகமும் முன்தயாரிப்புதான். பூஜ்யத்துக்குப் பதில் 3 என்று எழுதிய செவிலியரைத் திட்டாத மேலதிகாரியும் முன்தயாரிப்புதான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சில இடங்களில் இது நடக்கவும் செய்கிறது. காசநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக 2012-இல் அரசு ஆக்கியது. 2018 ஏப்ரலிலிருந்து, பதிவான ஒவ்வொரு காசநோயாளிக்கும் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். இது பெரிய தொகை இல்லை. ஒரு கட்டடத் தொழிலாளி இழக்கும் கூலிக்கு எதிரே ஒன்றுமே இல்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறினால் ஏதோ ஒன்று போகும் என்ற பழைய அனுபவத்துக்கு எதிராக, பெயர் ஏறினால் ஏதோ ஒன்று வரும் என்று சொல்லிப் பார்க்கிறது. அதே 2018-இல்தான், அறிவிக்கத் தவறும் மருத்துவர்கள் மீதும் மருந்துக்கடைகள் மீதும் குற்றவியல் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் ஆணை வந்தது. ஒரு கையில் சோறு, ஒரு கையில் கம்பு. எந்தக் கை முதலில் நீள்கிறது என்பதை ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. அரசை மட்டும் கைகாட்டிவிட்டுப் போக முடியாது. ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டது அரசு இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, “காய்ச்சலா இருக்கும்மா” என்று போனில் சொல்லும்போது, அன்றைய கூலியைப் பிடிக்காமல் “படுத்து ரெஸ்ட் எடுங்கக்கா, சம்பளம் வந்துரும்” என்று சொல்கிற வீடு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்காணிப்பு நிலையம். பிடித்துக்கொள்கிற வீடு, அடுத்த முறை அவரை மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லிக்கொடுக்கிறது. அவர் வருவார். நம் குழந்தைக்குச் சோறு ஊட்டுவார். நமக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் தெரிந்துகொள்ளும் உரிமையை நாம் சம்பாதித்திருக்கவில்லை.